உங்கள் பிள்ளை எந்த பெஞ்சில் உட்காருகிறது?

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறை இருக்கைகளை ‘ப’ வடிவில் போடுங்கள், கடைசி பெஞ்ச் என்று ஒன்று இருக்க வேண்டாம் என்பது அதன் சாரம். ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்ற மலையாளப் படம் கிளப்பிய பேச்சில் கேரளத்துப் பள்ளிகள் சிலவற்றில் ஏற்கெனவே இந்த மாற்றம் நடந்திருந்தது. இங்கே சுற்றறிக்கை வந்த வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. பக்கவாட்டில் உட்காரும் குழந்தைக்குக் கழுத்து வலிக்கும், கரும்பலகையைச் சாய்வாகப் பார்த்துக் கண் களைக்கும் என்றார்கள். உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பேச்சும் அதோடு அடங்கிவிட்டது.

அடங்கியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். பெஞ்சை எந்த வடிவில் போடுகிறோம் என்பது பாதி விஷயம்தான். எந்த பெஞ்சில் யாரை, என்ன காரணத்துக்காக, எத்தனை நாளைக்கு உட்காரவைக்கிறோம் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் பெற்றோர் கேள்வி கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது. ‘டீச்சர் பார்த்து உட்காரவைப்பாங்க’ என்று நாம்தான் விட்டுவிடுகிறோம்.

நன்றாகப் படிக்கிற பிள்ளை முன்னால் போய் உட்காருகிறதா, முன்னால் உட்கார்வதால் நன்றாகப் படிக்கிறதா? அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பெர்கின்ஸ், கார்ல் வீமன் இருவரும் ஓர் இயற்பியல் வகுப்பில் இதைச் சோதித்து 2005இல் எழுதினார்கள். மாணவர்கள் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கு எந்த இடம் என்பதை ஆசிரியர்களே எந்த அடிப்படையும் பார்க்காமல் பிரித்துக் கொடுத்தார்கள். பருவத்தின் நடுவில் முன்னால் இருந்தவர்களைப் பின்னுக்கும் பின்னால் இருந்தவர்களை முன்னுக்கும் மாற்றினார்கள். அப்படி மாற்றிய பிறகும், முதல் பாதியில் பின்னால் இருந்தவர்கள் உயர்ந்த தரத்தை எட்டுவது குறைவாகவே இருந்தது. வேறோர் இடத்தில் பின்னர் செய்த சோதனையில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, பின் பெஞ்ச் என்றாலே படிப்பு போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியரின் கேள்வியும் பார்வையும் முன் வரிசையிலும் நடு வரிசையிலுமே அதிகம் விழுகின்றன என்று ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் 1970லேயே எழுதிவிட்டார்கள். எந்த வகுப்பின் வாசலில் நின்று பார்த்தாலும் இது கண்ணில் படும். மூலையில் இருக்கும் பிள்ளையிடம் கேள்வி போவதில்லை. கேள்வி வராத பிள்ளை கொஞ்ச நாளில் கவனிப்பதையே விட்டுவிடுகிறது.

வடிவத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது எளிமையானது. வன்னார்கா, ரூல் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள்: தனித்தனியாகக் கணக்குப் போடவோ எழுதவோ வேண்டியிருந்தால் வரிசையாக உட்கார்வது நல்லது, பேசிப் பழக, விவாதிக்க வேண்டியிருந்தால் குழுவாகவோ அரைவட்டமாகவோ உட்கார்வது நல்லது. வேலைக்கு ஏற்ற இருக்கை, அவ்வளவுதான். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது புதிதும் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். கைக்கு எட்டும் உயரத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சுவரில் ஒரு துண்டுக் கரும்பலகை இருந்தது. பெஞ்சும் டெஸ்க்கும் வந்த பிறகு அந்தச் சுதந்திரம் போய்விட்டது. இருபதுக்கு இருபது அடி அறையில் நாற்பது பிள்ளைகளையும் கனமான மரப் பெஞ்சுகளையும் வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் பாடத்துக்குப் பாடம் வடிவம் மாற்ற முடியாது. ‘ப’ போட்டாலும் அது இரண்டடுக்கு ‘ப’வாகத்தான் வரும், வெளி அடுக்கில் இருப்பவர் மீண்டும் பின் பெஞ்ச்தான். கரும்பலகையை ஒட்டிய இரு முனைகளிலும் உட்காரும் பிள்ளை நாள் முழுக்கத் தலையைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். ‘ப’வின் இரு கைகளையும் பலகையை நோக்கிச் சற்று விரித்துப் போட்டால், முனைகளில் இருப்பவரை வாரம் ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை குறையும். செலவு ஒன்றுமில்லை.

சுழற்சிதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. திங்கள் காலை ஒவ்வொரு வரிசையும் ஒன்று முன்னே நகரட்டும், முதல் வரிசை கடைசிக்குப் போகட்டும். கூடவே பக்கவாட்டிலும் ஒரு பத்தி நகரட்டும். முன் பின் மட்டும் மாற்றினால் சுவரோரப் பிள்ளை ஆண்டு முழுக்கச் சுவரோரமே இருக்கும். உயர வரிசை என்ற பழக்கத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும். 6ஆம் வகுப்பில் திடீரென வளர்ந்துவிட்ட பெண் 12ஆம் வகுப்பு வரை கடைசி பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாள். உயரமானவர்களை முன் வரிசையிலேயே ஓரத்தில் உட்காரவைத்தால் யாருக்கும் மறைக்காது.

சுழற்சியில் சேர்க்கக் கூடாத பிள்ளைகள் சிலர் உண்டு. இங்கேதான் பெற்றோர் கண் திறந்திருக்க வேண்டும். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிற குழந்தை ‘காப்பி அடிக்கிறது’ என்று திட்டு வாங்குகிறது. பல நேரம் அதற்குப் பலகை தெரிவதே இல்லை. கண்ணைச் சுருக்குவது, எண்களை மாற்றி எழுதுவது, எழுந்து எழுந்து பார்ப்பது எல்லாம் அறிகுறிகள். முன்னால் உட்காரவைப்பது உடனே கிடைக்கும் நிவாரணம். கண் பரிசோதனையும் கண்ணாடியும்தான் தீர்வு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளைக்குப் பக்கம் முக்கியம். வலது காது கேட்காவிட்டால், பலகையைப் பார்த்து உட்காரும்போது வகுப்பின் வலது ஓரம் சரியான இடம். நல்ல இடது காது ஆசிரியரையும் மற்ற பிள்ளைகளையும் நோக்கி இருக்கும். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டும், கிறீச்சிடும் மின்விசிறிக்கும் சாலையோர ஜன்னலுக்கும் தள்ளி இருக்க வேண்டும். வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊரில் பேருந்துச் சாலையை ஒட்டிய எத்தனை பள்ளிகளில் அது நடக்கும்? அதனால்தான் இடம் இன்னும் முக்கியமாகிறது. இடது கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு பெஞ்சின் இடது முனை வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை முழுக்க முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். கவனம் சிதறும் பிள்ளையை வாசலோரம் போடக் கூடாது.

இவை ஆசிரியரின் தயவில் நடக்க வேண்டியவை அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நடத்தும், நிதியளிக்கும், அங்கீகரிக்கும் எல்லாக் கல்வி நிறுவனங்களும் குழந்தையின் தேவைக்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் இதில் அடக்கம். முன் பெஞ்சில் ஓர் இடம் தருவதைவிடச் செலவில்லாத வசதி வேறென்ன இருக்கிறது?

அடுத்தது, இருக்கையைத் தண்டனையாகவும் தீண்டாமையாகவும் பயன்படுத்துவது. இதில் நான் நிதானமாக எழுத முயல்கிறேன், முடியவில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் 8ஆம் வகுப்பு மாணவியை, மாதவிடாய் வந்திருந்ததால், வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தார்கள். காணொளி வெளியே வந்த பிறகே நடவடிக்கை வந்தது. வெளியே வராத காணொளிகளை நினைத்துப் பாருங்கள். கட்டணம் கட்டாத பிள்ளையை நூலகத்தில் தனியே உட்காரவைப்பது, மதிப்பெண் வாரியாக பெஞ்ச் பிரிப்பது, ‘மக்கு பெஞ்ச்’ என்று பெயர் வைப்பது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரே மூலையில் போடுவது எல்லாம் இதன் மற்ற முகங்கள். கற்றல் நிலையைப் பொறுத்துப் பிள்ளைகளைக் குழு பிரிக்கும் நல்ல திட்டங்களில்கூட, அந்தக் குழு உட்காரும் இடம் நிரந்தரமாகிவிட்டால் அது முத்திரையாகிவிடும். அந்தப் பாடவேளை முடிந்ததும் குழுவைக் கலைத்துவிட வேண்டும்.

இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சாதி, சமூகம், பாலினம் பார்த்து உட்காரும் இடத்தைப் பிரிப்பது பாகுபாடு என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 பாயும்.

நூறு ஆண்டுக்கு முன் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள், தமிழ்நாடே கொந்தளித்தது. அதே நெல்லை மாவட்டத்தில் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் 12ஆம் வகுப்புத் தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் ஒரு பரிந்துரை, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்பது. ஊர்க்காரர், சொந்தக்காரர் என்று சேர்ந்து உட்கார்ந்து பெஞ்சே தெருவாகிப் போவதை அது உடைக்கும். நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் அகர வரிசையும் ஆண்டு முழுக்க அசையாமல் நின்றால் ‘வ’வில் தொடங்கும் பிள்ளைக்கு என்றும் கடைசி இடம்தான். அகர வரிசையில் தொடங்கி, வாரந்தோறும் சுழற்றி, தேவையுள்ள பிள்ளைக்கு விலக்குத் தருவதே சரியான வழி.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலானவை அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தலைமை ஆசிரியருக்கு எழுதுங்கள். நீளம் வேண்டாம். ‘5ஆம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் என் மகளுக்கு வலது காது கேட்பதில்லை. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். வகுப்பின் வலது பக்கம், முதல் இரண்டு வரிசைக்குள், இந்த ஆண்டு முழுவதும் அவளுக்கு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்ற அளவு போதும். என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பாகுபாடு என்றால் என்ன நடந்தது, எந்த நாளில், யார் இருந்தார்கள் என்பதை எழுதுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். இருக்கைச் சுழற்சியை அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகவே போட்டுவிடலாம். ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதையும் அங்கேயே கேளுங்கள்: 5ஆம் வகுப்பு வரை 30, அதற்கு மேல் 8ஆம் வகுப்பு வரை 35 என்பது சட்டத்தின் கணக்கு. நெரிசல் தீராமல் எந்த வடிவமும் பலன் தராது.

அங்கும் தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் என்று மேலே போகலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். உடற்குறை தொடர்பானது என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகலாம்.

‘புகார் கொடுத்தால் டிசி கொடுத்து அனுப்பிவிடுவார்களே’ என்ற பயம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16 சொல்கிறது. கடிதத்தில் அந்தப் பிரிவையும் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். உங்கள் பிள்ளை 9ஆம் வகுப்புக்கு மேல் படித்தால் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கைகொடுக்கும். 18 வயது வரை குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் கதவையும் தட்டலாம்.