பழைய கம்ப்யூட்டரில் ஆன்லைன் கேம்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

"கேம் ஓவரா லேக் ஆகுது அண்ணா. புது கம்ப்யூட்டர் வாங்கணும்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க." விடுமுறைக்கு எங்கள் ஊரான எமரால்டுக்கு வந்திருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்னிடம் வைத்த கோரிக்கை இது. அவனுடைய அப்பா சிறு தேயிலை விவசாயி. பசுந்தேயிலை விற்றுச் சேர்த்த பணம் கொஞ்சம் இருந்தது. மீதிக்குக் கடன் வாங்கலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். "நீ சாப்ட்வேர்ல இருக்கறவன். நீ சரின்னு சொன்னா வாங்கிடறேன் தம்பி" என்றார்.

ஒரு வார்த்தையில் சரி என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவருடைய பணம் போயிருக்கும். பையனின் பிரச்னையில் பாதி அப்படியே இருந்திருக்கும். அது ஏன் என்பதையும், உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் இதை நீங்களே எப்படிக் கண்டறியலாம் என்பதையும் இங்கு பார்ப்போம்.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

கேம் சரியாக ஓடாவிட்டால் எல்லாவற்றையும் "லேக்" என்றே சொல்கிறோம். உண்மையில் இதில் இரண்டு தனித்தனிப் பிரச்னைகள் இருக்கின்றன.

முதலாவது, கம்ப்யூட்டரின் வேகம். திரையில் தெரியும் காட்சி, ஒன்றன்பின் ஒன்றாக வரையப்படும் படங்களால் ஆனது. இவற்றை பிரேம் என்கிறோம். ஒரு நொடியில் எத்தனை பிரேம் வரையப்படுகிறது என்பதே எப்.பி.எஸ். நொடிக்கு 60 பிரேம் வேண்டும் என்றால், ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லி செகண்டில் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க வேண்டும். முடியாதபோது காட்சி திக்கித் திக்கி நகரும். மவுஸை நகர்த்தினால் திரை தாமதமாகத் திரும்பும்.

இரண்டாவது, நெட்வொர்க்கின் தாமதம். நீங்கள் சுட்ட செய்தி கேம் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வர ஆகும் நேரமே பிங். இது அதிகமானால் காட்சி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் எதிரி திடீரென்று இடம் மாறித் தெரிவான். நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுடப்பட்டு விழுவீர்கள்.

முதல் நோய்க்கு ராம் மெமரி, டிரைவ், கிராபிக்ஸ் செட்டிங் ஆகியவை மருந்து. இரண்டாவதுக்கு எவ்வளவு விலை உயர்ந்த கம்ப்யூட்டரும் மருந்தாகாது. எனவே எந்த நோய் என்று தெரியாமல் செலவு செய்யக் கூடாது.

முதலில் அளந்து பாருங்கள்

பையன் ஆடுவது வாலரண்ட். அதில் செட்டிங்ஸ் சென்று, வீடியோ பிரிவில் ஸ்டாட்ஸ் என்ற டேபைக் கிளிக் செய்தால், எப்.பி.எஸ். அளவையும் நெட்வொர்க் ஆர்.டி.டி. என்ற பிங் அளவையும் திரையில் காட்டச் செய்யலாம். ஸ்டீம் மூலம் ஆடும் கேம் என்றால், ஸ்டீம் செட்டிங்ஸில் இன்-கேம் பிரிவில் எப்.பி.எஸ். காட்டும் வசதி உள்ளது. இரண்டு எண்களையும் பார்த்தபடி பத்து நிமிடம் ஆடுங்கள். தடுமாற்றம் வரும் நேரத்தில் எந்த எண் கெடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேமை மினிமைஸ் செய்து, கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்திடுங்கள். பெர்பார்மன்ஸ் டேபில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் எவ்வளவு சதவீதம் பயன்படுகிறது என்று பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், ராம் போதாமல் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

மூன்றாவது சோதனைதான் முக்கியமானது. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேடித் திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு உங்கள் ரவுட்டரின் முகவரியைத் தாருங்கள். பல ரவுட்டர்களில் இது 192.168.1.1 என்று இருக்கும். மீண்டும் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் 'டி' எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நீங்கள் நிறுத்தும் வரை நொடிக்கு ஒரு வரி வந்துகொண்டிருக்கும். நிறுத்த, கண்ட்ரோல் + சி.

இது இண்டர்நெட்டைச் சோதிப்பதல்ல. உங்கள் கம்ப்யூட்டருக்கும் வீட்டிலேயே இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள தூரத்தை மட்டும் சோதிப்பது. இங்கேயே எண் ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

பையனின் கம்ப்யூட்டரில் கிடைத்தது இதுதான். நான்காம் தலைமுறை கோர் ஐ3 பிராசசர், ஒற்றை 4 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், பழைய ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. எப்.பி.எஸ். 30 அளவில் தள்ளாடியது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டு கருங்கல் சுவர் தாண்டி இருந்த ரவுட்டருக்கான பிங், 3 மில்லி செகண்டிலிருந்து திடீர் திடீரென்று 200 வரை எகிறியது. இண்டர்நெட் கம்பெனியை அவன் திட்டிக்கொண்டிருந்தது வீண். புது கம்ப்யூட்டர் வந்திருந்தாலும் இந்த எகிறல் நின்றிருக்காது.

செலவு குறைந்த முதல் மருந்து: கேபிள்

வை-பை சிக்னல் சுவர்களில் பலம் இழக்கிறது. அந்தக் காலத்து எஸ்டேட் வீடுகளின் தடித்த கற்சுவர்கள் இதற்குப் பெரிய எதிரி. ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரு கேட் 5ஈ லேன் கேபிள் இழுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது. இந்தக் கேபிளை 100 மீட்டர் வரை இழுக்கலாம். வீட்டுக்கு அதில் கால்வாசி கூடத் தேவைப்படாது. கேபிள் போட்ட பின் அதே சோதனையை ஓட்டினோம். ஒவ்வொரு வரியிலும் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு என்றே வந்தது.

கேபிள் போட்டும் சில நேரம் பிங் ஏறினால், வீட்டில் வேறு யாரோ இணைப்பை நிரப்புகிறார்கள் என்று பொருள். அம்மாவின் மொபைல் போன் படங்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றிக்கொண்டிருக்கலாம். விண்டோஸே கூட அப்டேட் பைல்களை மற்றவர்களுடன் பகிர்ந்துகொண்டிருக்கலாம். விண்டோஸ் 10ல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, டெலிவரி ஆப்டிமைசேஷன் எனச் சென்று, பிற கம்ப்யூட்டர்களுடன் பகிர்வதை ஆப் செய்திடுங்கள்.

பிங் எவ்வளவு வரை குறையும்?

இதற்கு ஓர் எல்லை உண்டு. பைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது, அதாவது ஒரு மில்லி செகண்டில் 200 கி.மீ. எமரால்டிலிருந்து மும்பை நேர்கோட்டில் 900 கி.மீ.க்கு மேல். போய்வர குறைந்தது 9 மில்லி செகண்ட் ஆகும். கேபிள் நேராகப் போவதில்லை. வழியில் பல ரவுட்டர்களும் இருக்கின்றன. எனவே 30, 40 வந்தாலே நல்ல அளவுதான். சிங்கப்பூர் சர்வர் என்றால் நேர்கோட்டிலேயே 3000 கி.மீ.க்கு மேல், 30 மில்லி செகண்டுக்குக் கீழே போக இயற்கையே விடாது.

இதனால்தான் கேமின் செட்டிங்ஸில் எந்த ஊர் சர்வர் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாலரண்ட்டுக்கு மும்பையில் சர்வர் உண்டு. 50 எம்.பி.பி.எஸ். பிளானை 200 ஆக உயர்த்தினாலும் இந்தத் தூரம் குறையாது. கேம் ஆடுவதற்குச் சில எம்.பி.பி.எஸ். போதும்.

ராம், எஸ்.எஸ்.டி., திரை அளவு

இனி கம்ப்யூட்டரின் பக்கம் வருவோம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப் உங்கள் ராம் மெமரியையே பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றை டி.டி.ஆர்.3-1600 ராம் நொடிக்கு 12.8 ஜி.பி. டேட்டாவைக் கடத்தும். அதே போன்ற இரண்டைச் சேர்த்தால் டூயல் சேனல் முறையில் 25.6 ஜி.பி. கிடைக்கும். ஒரே ராமில் 8 ஜி.பி. வாங்குவதை விட, இரண்டு 4 ஜி.பி. போடுவது கேமுக்கு நல்லது என்பது இதனால்தான். டாஸ்க் மானேஜரில் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் பயன்படுகிறது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 ராம் பொருந்தாது.

எஸ்.எஸ்.டி. பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அது எப்.பி.எஸ்.ஸை நேரடியாக உயர்த்தாது. ஆனால் விண்டோஸ் திறக்கும் நேரமும் கேம் லோட் ஆகும் நேரமும் வெகுவாகக் குறையும். ஆட்டத்தின் நடுவே ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்து நிற்பதும் குறையும்.

செலவே இல்லாத வழி, ரெசல்யூஷனைக் குறைப்பது. 1920 x 1080 என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1280 x 720 என்றால் 9.2 லட்சம்தான், பாதிக்கும் குறைவான வேலை. நிழல், ஆன்டி-அலியாசிங் போன்றவற்றைக் குறைத்திடுங்கள். டாஸ்க் மானேஜரில் ஸ்டார்ட்அப் டேபில் தேவையற்ற புரோகிராம்களை டிசேபிள் செய்திடுங்கள். ஆடும்போது பிரவுசரை மூடுங்கள்.

குளிர் ஊரானாலும் தூசு தூசுதான்

"எங்க ஊர்ல கம்ப்யூட்டர் சூடாகாது" என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் உதவும் என்பது உண்மை. ஆனால் ஹீட் சிங்க்கில் தூசு அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டால், பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டரின் கேபினைத் திறந்தபோது, ஹீட் சிங்க் மேல் கம்பளி போர்த்தியதுபோல் தூசு படிந்திருந்தது.

இன்னொன்று ஈரம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய அவலாஞ்சி, எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. இத்தகைய ஈரத்தில் ராம் கார்டின் பித்தளை நிற முனைகளில் படிவு ஏற்பட்டு, கம்ப்யூட்டர் அவ்வப்போது உறைந்து நிற்கும். பவரை முழுவதும் துண்டித்து, ராமை எடுத்து, பென்சில் ரப்பரால் முனைகளை மெல்லத் துடைத்து மாட்டினால் பல நேரம் சரியாகிவிடும்.

இவற்றை நம்ப வேண்டாம்

கேம் பூஸ்டர் புரோகிராம்கள் பெரும்பாலும் மற்ற புரோகிராம்களை மூடுவதை மட்டுமே செய்கின்றன. அதை நீங்களே செய்யலாம். விண்டோஸ் உங்கள் இண்டர்நெட் வேகத்தில் 20 சதவீதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை விடுவிக்கலாம் என்ற குறிப்பு எக்ஸ்.பி. காலத்திலிருந்தே சுற்றி வருகிறது. அது தவறு என்று மைக்ரோசாப்ட் அப்போதே விளக்கிவிட்டது. டி.என்.எஸ். மாற்றினாலும் ஆட்டத்தின் நடுவே பிங் குறையாது. டி.என்.எஸ். வேலை, சர்வரின் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவதோடு முடிந்துவிடுகிறது.

எப்போது புதியது வாங்கத்தான் வேண்டும்?

பழைய கம்ப்யூட்டரை என்றென்றும் இழுக்க முடியாது. கவுண்டர் ஸ்ட்ரைக் குளோபல் அபென்சிவ் ஓடிய பல கம்ப்யூட்டர்கள், 2023 செப்டம்பரில் அதன் இடத்துக்கு கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது திணறிப்போயின. 2024 ஜனவரி முதல் விண்டோஸ் 7, 8 பதிப்புகளுக்கு ஸ்டீம் ஆதரவு தருவதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீடுகளுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்டது. நான்காம் தலைமுறை பிராசசர்களை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றினாலும், விண்டோஸ் 11ல் வாலரண்ட் ஆட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். லினக்ஸில் வாலரண்ட் ஓடாது.

ஆகவே பையனின் அப்பாவிடம் இப்படிச் சொன்னேன்: "இப்ப கேபிள், இன்னொரு 4 ஜி.பி. ராம், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போதும். கடன் வேண்டாம். இவன் காலேஜ் சேரும்போது எந்தப் படிப்புன்னு பார்த்து அதுக்கேத்த லேப்டாப் வாங்கலாம். அதுவரைக்கும் இந்தக் கம்ப்யூட்டர்ல பேங்க் வேலை மட்டும் செய்யாதீங்க." வாங்கிய ராமும் எஸ்.எஸ்.டி.யும் மாட்டி, தூசு தட்டி, ரெசல்யூஷனைக் குறைத்த பின் எப்.பி.எஸ். பெரும்பாலும் 60ஐ ஒட்டி நின்றது.

பையனுக்கு முகம் கொஞ்சம் வாடியது என்னவோ உண்மை. புது கம்ப்யூட்டர் கனவு தள்ளிப்போனதல்லவா? ஆனால் அன்று மாலையே, "அண்ணா, இப்ப தோத்தா நெட் மேல பழி போட முடியல" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னான். நீங்களும் பர்ஸைத் திறக்கும் முன் அந்த இரண்டு எண்களையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.