மிளகாய்க்கும் ஒரு போஸ்... உடலைச் செதுக்கிய கறுப்பு - வெள்ளை வெளிச்சம்!

1930, ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள கார்மெல் என்ற கடலோர ஊர். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டனின் ஸ்டூடியோவில் மாடல் தயார். வளைந்த முதுகு, திரண்ட தோள், மினுமினுக்கும் மேனி. ஆனால், வெளிச்சம்தான் அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி விழவில்லை. பின்னால் துணி, அட்டை என்று முன்பே பலவற்றை வைத்துப் பார்த்தாயிற்று. கடைசியில், ஒரு தகரப் புனலைப் படுக்கவைத்து அதன் வாய்க்குள் மாடலை உட்காரவைத்தார். பிரச்னை தீர்ந்தது.

புனலுக்குள் உட்கார்ந்த அந்த மாடல், ஒரு குடைமிளகாய்!

புனலின் உட்புறம் வெளிச்சத்தை வாங்கி, மிளகாயின் ஓரங்களுக்குத் திருப்பி அனுப்பியது. அதனால் வளைவுகள் இருட்டில் மூழ்கவில்லை. புனலின் ஆழம் மட்டும் கறுத்துப்போய், மிளகாயை முன்னால் தள்ளிக் காட்டியது. 'பெப்பர் நம்பர் 30' என்ற அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு மிளகாய் ஞாபகமே வராது. முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் மனித உடல்தான் தெரியும். படம் முடிந்ததும் மிளகாய் சமையலுக்குப் போய்விடும். 'மாடல்களையே சாப்பிடுகிற ஆள்' என்று தன்னைக் கேலி செய்வதாக வெஸ்டனே டைரியில் எழுதிவைத்திருக்கிறார்.

நிறம் போனால் என்ன மிஞ்சும்?

கறுப்பு - வெள்ளையில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. உடலைப் படமெடுக்கும் கலைஞர்கள் இன்றும் முதலில் கற்கும் பாடம் இதுதான்: 'வெளிச்சம் உடலைக் காட்டும், நிழல்தான் அதற்கு உருண்டை வடிவம் தரும்.'

நேர் முன்னாலிருந்து விளக்கைப் போட்டால் நிழல்கள் ஓடி ஒளிந்துகொள்ளும். உடல், காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாகிவிடும். அதே விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் தோள், விலா, இடுப்பு என ஒவ்வொரு மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும். சின்ன விளக்கு, கத்தியால் வெட்டியது போன்ற நிழல் தரும். பெரிய ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சமோ, வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து கறுப்புக்கும் மெல்ல இறங்கும். நிழல் அதிகமானால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை போதும். வெஸ்டனின் புனல் செய்த வேலையை அது செய்துவிடும்.

போஸிலும் கணக்கு உண்டு. கை உடம்போடு ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே பிண்டமாகத் தெரியும். நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் இடுப்பின் கோடு பிறக்கும். லென்ஸை நோக்கி நேராக நீட்டிய கால் குட்டையாகத் தெரியும். சற்றுத் திருப்பினால் அதன் நீளம் திரும்பக் கிடைக்கும்.

வாசலில் ஒரு வெயில்

மிளகாயிடம் கற்ற பாடத்தை வெஸ்டன் மனித உடலிலும் பார்த்தார். 1936-ல் சான்டா மோனிகாவில் இருந்த வீட்டில், மொட்டைமாடி போன்ற திறந்தவெளியை ஒட்டிய வாசலில், சாரிஸ் வில்சன் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 22, வெஸ்டனுக்கு 50. கண் கூசும் வெயில். சாரிஸ் தலையைக் கவிழ்த்து, ஒரு காலை மடக்கி, அதைக் கைகளால் வளைத்துக்கொண்டார். பின்னால் வாசலின் இருட்டு.

ஆடையில்லாத உடல்தான். ஆனால், முகம் தெரியாது. மறைக்க வேண்டியது மறைந்தே இருக்கும். கையும் காலும் சேர்ந்து ஒரு முட்டை வடிவம்போல நிற்கும். கூச்சம் வருவதற்குள் வியப்பு வந்துவிடும். புகைப்பட வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட படங்களில் அதுவும் ஒன்று.

வெஸ்டன் அதை எடுத்தது 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவில். நெகட்டிவைப் பெரிதாக்காமல், தாளின் மேல் அப்படியே வைத்துப் பிரதி எடுப்பது அவர் வழக்கம். அதனால், வெளிச்சம், போஸ், சட்டகம் மூன்றையும் கேமராவின் பொத்தானை அழுத்தும் முன்பே மனசுக்குள் முடித்துவிட வேண்டும்.

மாடல் என்றால் பொம்மையா?

இல்லை என்பதற்கு சாரிஸின் வாழ்க்கையே பதில். 1937-ல் புகழ்பெற்ற குகன்ஹைம் நல்கை முதன்முறையாக ஒரு புகைப்படக் கலைஞருக்குக் கிடைத்தது. அதைப் பெற்றவர் வெஸ்டன். அதற்கான விண்ணப்பத்தை எழுத உதவியவர் சாரிஸ். வெஸ்டனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆயிரக்கணக்கான மைல்கள் ஓட்டியதும் சாரிஸ்தான். 1940-ல் வந்த 'கலிஃபோர்னியா அண்ட் த வெஸ்ட்' புத்தகத்தில் படங்கள் வெஸ்டனுடையவை, எழுத்து சாரிஸுடையது. இருவரும் 1939-ல் திருமணம் செய்து, 1946-ல் பிரிந்தார்கள்.

வெஸ்டன் 1958-ல் மறைந்தார். படங்களில் பெரும்பாலும் பேசாமல் இருந்த சாரிஸ், தன் 80 வயதுக்கு மேல், 1998-ல், தன் பக்கத்துக் கதையைப் புத்தகமாக எழுதினார். 2009-ல், 95 வயதில் காலமானார்.

அந்த வாசல் படத்தைப் பற்றி அவர் சொல்லிவைத்த விஷயம் சுவாரஸ்யமானது. வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். சாரிஸுக்கு உறுத்தியது வேறு: கோணலாக எடுத்த தலைவகிடும், வெளியே தெரிந்த ஹேர்பின்களும்!

எடுத்தவர் நிழலைப் பார்த்தார். உட்கார்ந்தவர் வகிட்டைப் பார்த்தார். குறை சொல்ல இருவருக்குமே உரிமை இருந்தது. ஏனென்றால், அந்தப் படம் இருவருடையதும்தான்.