நரியின் வளையும் நமது காமிராவும்

நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் நிகழ்ந்தது மாணிக்கவாசகர் பொருட்டு என்பர். அவர் திருவெம்பாவை அருளிய தலம் திருவண்ணாமலை. கிரிவலம் வரும் லட்சக்கணக்கானவர்களில் உயிருள்ள நரியைக் கண்டோர் எத்தனை பேர்?

சேலம் ஜில்லா வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில், பொங்கலையொட்டி வங்கா நரியை வலையிட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, ஊர்வலமாகக் கொண்டுவந்து காட்டுவது நெடுநாளைய வழக்கம். நரி முகத்தில் விழித்தால் நன்மையாம்! 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். வனத்துறை அபராதம் விதித்தும் வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை. தை மாதமோ பெண் நரி சூல் கொண்டிருக்கும் காலம். ஐம்பது நாள் சொச்சத்தில் ஈன்றுவிடும். கட்டப்படுவது ஒரு வாய். வதைபடுவது ஒரு குடும்பம்.

முகத்தில் விழிக்க விரும்புவோருக்குப் பங்குனியில் குட்டிகள் வளைவாயிலில் விளையாடும் தருணமே ஏற்றது. வலை வேண்டாம், காமிரா போதும். மா. கிருஷ்ணன் (1912-1996) தாமே இணைத்தமைத்த கனத்த காமிராவைச் சுமந்து திரிந்து, கானக உயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். அவருக்கிருந்த பொறுமை வேண்டும்.

பொறுமையற்ற படக்காரர் வலைக்காரரினும் மேலானவரல்லர். வளையருகே ஆள் நடமாடினால் தாய் குட்டிகளை வேறு வளைக்குக் கவ்விச் செல்லும். வழியில் ஊர்நாய்கள் மறித்தால் யார் பொறுப்பு? தொலைவில், காற்று நம் வாடையைக் கொண்டுசெல்லாத பக்கத்தில் மறைந்திருந்து, ஆண் நரி இரை கொணரும்வரை காத்திருக்கட்டும்.

நேயர்கள் படத்தை அனுப்பலாம். இடத்தை எழுத வேண்டாம்; எழுதினாலும் நாம் அச்சிடப் போவதில்லை.