காணி தேட ஒரு முத்திரை

மாவனல்லைப் பக்கத்தில் இரும்புச் சாமான் கடை நடத்தும் எனக்கு, சிறு காணிகளை வாங்கித் துண்டு பிரித்து விற்பது இரண்டாவது தொழில். பெரிய முதல் இல்லாதவன் இத்தொழிலில் இறங்கினால் முதலில் சந்திப்பது காணிக்காரரை அல்ல, தரகரைத்தான். தரகர் ஒரு காணியைக் காட்ட வரும்போது அதை ஏற்கெனவே நான்கு பேர் பார்த்திருப்பார்கள். விலையில் இரண்டு பேருடைய தரகுக் காசும் ஏறியிருக்கும். பத்திரிகை விளம்பரமும் அப்படித்தான். நான் பார்க்கும் விளம்பரத்தை என்னைவிடப் பணம் உள்ளவரும் அதே காலையில் பார்க்கிறார்.

ஆகவே இன்னும் விலைக்கு வராத காணியைத் தேடுவது என்று முடிவு செய்தேன். அதாவது, சொந்தக்காரர் வேறு ஊரில் இருக்கிறார், காணி காடு பற்றிக் கிடக்கிறது, விற்பதா வைத்திருப்பதா என்று அவர் யோசிக்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு நேரே ஒரு கடிதம் எழுதுவதுதான் என் வழி.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் வீடு, காணி வாங்கி விற்பவர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவது. அங்கே உள்ளூர் வரிப் பதிவேட்டில் சொத்து இருக்கும் விலாசமும் வரிப் பற்றுச்சீட்டு அனுப்பும் விலாசமும் தனித்தனியே இருக்கும். இரண்டும் வேறுபட்டால் சொந்தக்காரர் வேறிடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இந்த விபரங்களைத் திரட்டிப் பட்டியலாக விற்கும் கம்பனிகளே இருக்கின்றன. பட்டியலை வாங்கி ஆயிரக்கணக்கில் தபால் அட்டைகளை அனுப்பிவிடுவார்கள். கோடு போட்ட மஞ்சள் தாளில் கையெழுத்தில் எழுதியது போன்ற கடிதத்துக்கு அங்கே 'மஞ்சள் கடிதம்' என்றே பெயர். 2011 இல் அந்நாட்டுத் தபால் சேவை, பெயர் விலாசம் எழுதாமலே ஒரு பாதையிலுள்ள எல்லா வீடுகளுக்கும் விளம்பரம் போடும் திட்டத்தையும் கொண்டுவந்தது.

அதை அப்படியே இங்கே செய்யப் போனால் கையைச் சுட்டுக்கொள்வோம். பட்டியல் விற்பார் இங்கே இல்லை. சாதாரணக் கடிதத்தின் முத்திரை 2022 ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 50 ரூபாவானது. ஆயிரம் கடிதம் போட்டால் முத்திரை மட்டும் 50,000 ரூபா. எனவே நான் எழுதியது 36 பேருக்கு மட்டும்.

அந்த 36 பெயரைச் சேர்க்க மூன்று மாதம் எடுத்தது. உண்மையான வேலை இதுதான், கடிதம் எழுதுவதல்ல. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் உள்வீதிகளைச் சுற்றினேன். வேலி விழுந்த தோட்டம், பூட்டிய கேட், மரங்களுக்கிடையே இடிந்த அத்திவாரம் என்று கண்டதையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்தேன். பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் பாதி விபரம் வந்துவிடும். 'இது கொழும்புக்குப் போன மாஸ்டர்ட காணி' என்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு மூன்று தலைமுறைக் குடும்ப விபரமும் மனப்பாடம். அவருடன் குடித்த இரண்டு பிளேன்டீ எனக்குப் பதினொரு விலாசம் தந்தது.

அதன் பிறகுதான் கேகாலை காணிப் பதிவகம். கட்டணம் செலுத்தினால் எவரும் பதிவேட்டைத் தேடிப் பார்க்கலாம். யார் யாருக்கு எந்த இலக்க உறுதியால் எழுதினார், ஈடு இருக்கிறதா, வழக்கு பதிவாகி இருக்கிறதா என்பவை அந்த ஏட்டில் தெரியும். ஏட்டு இலக்கம் தெரியாமல் போனால் அரைநாள் அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உறுதியிலுள்ள விலாசம் எழுதிய காலத்து விலாசம். இருபது வருடப் பழைய விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தால் தபாற்காரரைக் கோபித்துப் பயனில்லை.

சிலவற்றை எழுதாமலே கழித்துவிட்டேன். அனுமதிப் பத்திரம் அல்லது அரச அளிப்பில் கிடைத்த காணிகளைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. செங்குத்தான சரிவிலுள்ள காணிகளையும் விட்டேன். எங்கள் மாவட்டம் மண்சரிவு மாவட்டம். 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை யாரும் மறக்கவில்லை. சரிவுக் காணியில் வீடு கட்டப் போகிறவர் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசுக்கு அலைய வேண்டும். வாங்கினாலும் விற்கக் கஷ்டமான காணிக்கு எதற்கு 50 ரூபா?

இனிக் கடிதம். இதற்கு முந்திய வருடம் ஒரு முறை முயன்று தோற்றிருந்தேன். கடையின் பெயர் அச்சடித்த தாளில் கம்பியூட்டரில் தட்டச்சு செய்து, மரியாதையாக இருக்கட்டும் என்று பதிவுத் தபாலில் ஆறு பேருக்கு அனுப்பினேன். கம்பளையிலிருந்த ஒரு முதியவர், பதிவுத் தபால் என்றதும் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் என்று பயந்து கையெழுத்து வைக்க மறுத்துவிட்டாராம். அவருடைய மருமகன் பிறகு என்னைத் தேடிப் பிடித்து ஏசினார். அவர் ஏசியதில் பிழையில்லை. நம்மவர்களின் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் நல்ல செய்தி எப்போது வந்திருக்கிறது?

இரண்டாம் முறை சாதாரணத் தாள், சாதாரண உறை, என் கையெழுத்து. தமிழ் வாசிப்பவருக்குத் தமிழில், சிங்களத்தவருக்குச் சிங்களத்தில். என் சிங்கள எழுத்து அழகில்லை என்பதால் மகளைக் கொண்டு எழுதுவித்தேன். கடிதம் இவ்வளவுதான்:

"உங்கள் பெயரில் இன்ன கிராமத்தில் உள்ள காணியின் பக்கத்து ஊர்க்காரன் நான். கடை வைத்திருக்கிறேன். அந்தக் காணியை விற்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் நான் வாங்க விரும்புகிறேன். நான் தரகர் அல்ல. எண்ணம் இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். கிழக்குப் பக்க வேலி விழுந்திருக்கிறது, அதையும் தெரிவிக்கிறேன்."

கீழே பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம். விலை எழுதவில்லை. எழுதினால் அதுவே பேரத்தின் தொடக்கமாகிவிடும். அதோடு, உறுதியைப் பார்க்காமல் சொல்லும் விலைக்குப் பெறுமதியும் இல்லை. வேலி விழுந்த செய்தியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நான் காணியை நேரில் பார்த்தவன் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். வேலி விழாத காணிக்கு விழுந்ததாக எழுதிவிடாதீர்கள்.

36 இல் ஏழு திரும்பி வந்தன. இரண்டு பேர் பதில் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்து மீதி 27 பேருக்கும் மீண்டும் எழுதினேன், மூன்று பதில். மூன்று மாதம் விட்டு 24 பேருக்கு மூன்றாம் கடிதம், நான்கு பதில். முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் ஏழு பதில்களை இழந்திருப்பேன். பலர் செய்யும் தவறு அதுதான். ஒரே தடவையில் நூறு கடிதம் போட்டுவிட்டு, தபால் வேலைக்கு உதவாது என்று சொல்லிவிடுவார்கள்.

மொத்தம் 87 கடிதம், முத்திரைக்கு 4,350 ரூபா. தாள், உறைக்கு ஆயிரத்துக்கும் குறைவு. பதிவகத் தேடலும் போக்குவரத்தும் இதைவிட இரண்டு மடங்கு. ஒன்பது பதிலில் இரண்டு ஏச்சு. அவர்களின் பெயரை உடனே வெட்டிவிட்டேன், இனி எழுத மாட்டேன். மூன்று பேர் கொழும்பு விலை கேட்டார்கள். இரண்டில் உறுதிச் சிக்கல். ஒன்றை வாங்கினேன். கடைசி ஒன்றைத்தான் விபரமாகச் சொல்ல வேண்டும்.

பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே 64 பேர்ச்சஸ். சொந்தக்காரர் தெஹிவளையில் இருந்தார். மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. மூன்றாவது போய் ஐந்து வாரத்தின் பின் ஒரு பெண் பேசினார். வாப்பா வபாத்தாகிவிட்டார், உறுதிக் கோப்புக்குள் என்னுடைய மூன்று கடிதங்களையும் வைத்திருந்தார் என்றார். பிறகு கேட்டார்: "நானா, எங்களுக்கு ஊர் விலை ஒண்டும் தெரியாது. இதுக்கு இப்ப என்ன விலை போகும்?"

காணிக்காரரே விலை தெரியாது என்று சொல்லும் இடத்துக்கு வரத்தான் இத்தனை முத்திரையும் ஒட்டினேன். குறைத்துச் சொல்லியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார். அன்று இரவு நித்திரை சரியாக வரவில்லை. அந்தக் காணியில் யாருக்கு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மர்ஹூமின் பெற்றோர் உயிரோடில்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 8 பேர்ச்சஸ். மீதியில் மூன்று பெண் மக்களுக்குத் தலா 8, இரண்டு ஆண் மக்களுக்குத் தலா 16. பேர்ச்சஸுக்கு 25,000 ரூபா குறைத்துச் சொன்னால் 64 க்கும் 16 இலட்சம். அதில் இரண்டு இலட்சம் இத்தாவிலிருக்கும் ஒரு விதவையுடையது.

மறுநாள் அழைத்தேன். "தங்கச்சி, நான் வாங்குறவன், என்னட்ட விலை கேக்கக் கூடாது. பக்கத்தில போன வருஷம் வித்த ரெண்டு காணிட விலைய விசாரிங்க. முடிஞ்சா மதிப்பீட்டாளர் ஒருவரக் கூட்டி வாங்க" என்றேன். கூட்டி வந்தார்கள். அவர் சொன்ன விலை நான் மனதில் வைத்திருந்ததைவிட பேர்ச்சஸுக்கு 25,000 ரூபா கூட. முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். அது வாங்குபவன் தலையில். நில அளவை, நொத்தாரிசு, பாதை விடும் இடம் எல்லாம் கழித்துப் பார்த்தேன். இலாபம் சுருங்கியது, ஆனால் இருந்தது. சரி என்றேன்.

இப்போது இறந்தவரின் சொத்துக்கான வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கிறது. இளைய மகன் மெல்போர்னில். அவர் அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கையொப்பமிட்டு அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். எல்லாரும் ஒப்பமிடும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே என்று என் நொத்தாரிசு சொல்லியிருக்கிறார், கொடுக்கவில்லை. இதற்கிடையில் அந்தத் தங்கச்சியின் பெரியப்பா மகன் தன்னுடைய 20 பேர்ச்சஸைப் பார்க்கச் சொல்லிப் பேசினார். அவருக்கு நான் கடிதமே எழுதவில்லை. கிழக்குப் பக்க வேலியை மட்டும் போன மாதம் என் செலவில் கட்டிவிட்டேன், பக்கத்துத் தோட்டத்து மாடுகள் இப்போது உள்ளே வருவதில்லை.