மின்னாக்கி பழுதுற்றால்

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாளிரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தது. திண்டிவனத்திற்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களில் வெள்ளம் புகுந்தது; மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய வேளையில்தான், மூலையிற் கிடக்கும் ஜெனரேட்டர் என்னும் மின்னாக்கி நம் நினைவுக்கு வருகின்றது. நெடுநாள் உறங்கிய அப்பொறி இயங்க மறுத்தால் யாது செய்வது?

மாணவர்களே! மின்னாக்கி என்பது ஓர் எஞ்சினும், அதனாற் சுழற்றப்பட்டு மின்சாரம் தரும் பகுதியும் இணைந்தது. பழுது எப்பாதியில் உள்ளது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

எஞ்சின் ஓடவில்லையாயின், எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றனையும் நோக்குக. பல திங்கள் தேங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கும். டீசல் தீர்ந்து போயிருப்பின் குழாயிற் காற்றுப் புகும். அதனை வெளியேற்றினாலன்றி எஞ்சின் ஓடாது. எண்ணெய் குறைந்தவுடன் தானே நின்றுவிடும் பொறிகளும் உண்டு. அது பழுதன்று, காவலேயாம்.

எஞ்சின் ஓடியும் விளக்கு எரியாமை வியப்புக்குரியது. காந்தப் புலத்திடையே கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்னும் உண்மையை ஃபாரடே 1831இல் கண்டார். மின்னாக்கிகள் பலவற்றில் நிலைக்காந்தம் இல்லை. முன்பு ஓடியபோது இரும்பில் எஞ்சிய சிறிதளவு காந்தமே விதைநெல்லாகும். அது சிறு மின்னோட்டத்தைத் தோற்றுவிக்க, அம்மின்னோட்டம் காந்தத்தை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று பெருக்கும். நெடுநாட் கிடந்தமையால் அவ்விதை அழிந்துபோயின், எஞ்சின் எவ்வளவு முழங்கினும் பயனில்லை. பயின்ற மெக்கானிக் பாட்டரியிலிருந்து நொடிப்பொழுது மின்சாரம் செலுத்தி அதனை மீட்பார். நீங்கள் அதனை முயலலாகாது.

விளக்கு மங்கின், சுமை மிகுந்ததென அறிக. கிணற்று மோட்டார் புறப்படும்போது, ஓடும்போது கொள்வதினும் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். சிறு பொறி அதனைத் தாங்காது. வெள்ளத்தில் மூழ்கிய பொறியையோ, கம்பிச்சுருள் முற்றும் உலர்ந்து சோதிக்கப்படும்வரை தொடுதல் கூடாது.

மழைக்கு அஞ்சிப் பொறியை வீட்டினுள் இழுத்து வைப்பாரும் உளர். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். ஆதலின் வீட்டிற்கு வெளியே, கதவு சன்னல்களுக்குத் தொலைவில், நனையாதவாறு கூரையமைத்து ஓட்டுக. சேஞ்ச் ஓவர் என்னும் மாற்று விசையின்றி வீட்டுக் கம்பியோடு அதனை இணைத்தலும் தீது. அம்மின்சாரம் தெருக்கம்பி வழியே பின்னோக்கிச் சென்று, டிரான்ஸ்பார்மரில் பல்லாயிரம் வோல்ட்டாக உயரும். மின்சாரம் இல்லையென நம்பி, கம்பத்தின்மேல் நின்று அறுந்த கம்பியை இணைக்கும் தொழிலாளியின் கையில் அது பாயும்.