உதையின் சூட்சுமம்

கருவேப்பிலங்குறிச்சியில், வெள்ளாற்று மணல்தடங்களில் ஓட்டும் ஆசையோடு பழைய புல்லட் ஒன்றைப் புனருத்தாரணம் செய்த என் நண்பர், முதல் உதையிலேயே கிக்கர் திருப்பியடித்துக் கணுக்கால் வீங்கி உட்கார்ந்தபோது, வண்டியைக் கோபித்தாரேயன்றிக் காரணத்தை விசாரித்தாரில்லை.

1948-இல் இங்கிலாந்தின் கரடுமுரடான பாதைப் பந்தயங்களில் தலைகாட்டி, 1955 முதல் சென்னையோடு சம்பந்தம் கொண்ட அவ்வகை வண்டியின் ஒற்றைச் சிலிண்டர், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் உடையதாதலின், சுமார் 346 கன சென்டிமீட்டர் வாயுவை ஒரே மூச்சில் அழுத்தியாக வேண்டும். பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே பொறி எழுவது நியதி. எஞ்சினின் கனத்த ஃப்ளைவீல் சக்கரம் அப்போது மந்தமாகச் சுழன்றால், வெடிப்பு பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ள, அடி காலுக்கு வந்து சேரும். ஆகையால், கைப்பிடியருகேயுள்ள டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து வாயுவைச் சற்றே வெளியேற்றி, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் மெல்ல நகர்த்தி, லீவரை விட்டபின் முழுமூச்சாக உதைத்தால், அடுத்த அழுத்தம் வருவதற்குள் சக்கரம் போதிய வேகம் பெற்றுவிடுகிறது. பலத்தைவிடப் பொறுமையே இங்கு பிரதானம்.

அந்தப் பொறியை எழுப்பும் ஸ்பார்க் பிளக்கின் வெண்கழுத்தோ, பீங்கானுக்குப் பேர்போன பக்கத்து விருத்தாசலத்தார்க்கு அந்நிய வஸ்துவன்று. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் உலோக உடம்புக்குத் தாவாமல் தடுப்பது அந்த அலுமினாப் பீங்கானே. அதன் நுனியில் கரி படிந்தால், கரி மின்கடத்தியாதலால், பொறி பிறவாது. பின்னர் வண்டி கிளம்பாதபோது, நண்பர் மூன்று நாள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியது இந்தக் கரியைப் பாராமல்தான்.