சோடியம் பேட்டரி: சிக்கலெல்லாம் நேர்முனையில்

சோடியம் பேட்டரி நேற்று முளைத்த யோசனை அல்ல. லித்தியம் பேட்டரியைப் போலவே அதன் ஆராய்ச்சியும் 1970களிலேயே தொடங்கியது. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு சோடியத்தைக் கவனிக்க ஆளில்லை. மின்வாகனங்கள் பெருகி லித்தியத்துக்குப் போட்டி வந்ததும் சோடியத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. பூமியின் மேலோட்டில் லித்தியத்தைவிடச் சோடியம் ஆயிரம் மடங்குக்கும் மேல் அதிகம்.

சார்ஜ் ஏறும்போது சோடியம் அயனிகள் கேத்தோடு எனப்படும் நேர்முனையிலிருந்து கிளம்பி, எதிர்முனையில் உள்ள கடினக் கார்பனுக்குள் புகும். மின்சாரத்தை எடுக்கும்போது திரும்பி வரும். பேட்டரிக்கு வேண்டிய சோடியத்தைக் கொண்டுவருவதே கேத்தோடுதான். அதனால் மின்னழுத்தம், கொள்ளளவு, விலை மூன்றையும் பெருமளவு தீர்மானிப்பதும் அதுவே.

சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம், லித்தியத்தினுடையது 0.76. இந்தப் பருத்த அயனி போய் வரும்போதெல்லாம் படிகம் அதிகமாக விரிந்து சுருங்குகிறது. அதைத் தாங்கும் கேத்தோடைத் தேடியதில் மூன்று குடும்பங்கள் தேறியுள்ளன.

முதலாவது அடுக்கு ஆக்சைடு. நிக்கல், மாங்கனீசு போன்ற உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்த தகடுகளுக்கு நடுவே சோடியம் இருக்கும். அது பெருமளவு வெளியேறிவிட்டால் ஆக்சிஜன் தளங்கள் ஒன்றையொன்று விலக்கி, சீட்டுக்கட்டுபோல நழுவும். நிக்கல்-மாங்கனீசு ஆக்சைடு ஒன்றில் இப்படிக் கன அளவு ஐந்தில் ஒரு பங்கு வரை குறைகிறது. துகள்களில் விரிசல் விழுந்து பேட்டரியின் ஆயுள் தேய்கிறது. இதற்கு மருந்து, கொஞ்சம் மக்னீசியமும் டைட்டானியமும் கலப்பது. மின்வேதிவினையில் இவை பங்கேற்பதில்லை. ஆகவே கொள்ளளவு சற்றுக் குறையும். ஆனால் கட்டமைப்பு குலையாது. 2022-ல் ரிலையன்ஸ் வசமான பிரிட்டனின் ஃபாராடியன் நிறுவனம் உருவாக்கியது இவ்வகைக் கலவையே.

அடுக்கு ஆக்சைடுக்குக் காற்றின் ஈரமும் ஆகாது. மேற்பரப்பில் காரப் படலம் உருவாகி, கேத்தோடு செய்ய உலோகத் தகட்டில் பூச வேண்டிய கூழ் கெட்டியாகிவிடும். சீன அறிவியல் கழகத்தின் இயற்பியல் நிறுவன ஆய்வாளர்கள் செம்பு, இரும்பு, மாங்கனீசு கலந்த ஆக்சைடால் இதைச் சமாளித்தனர். விலை மிகுந்த நிக்கலும் அதில் தேவைப்படவில்லை.

இரண்டாவது குடும்பம் பாஸ்பேட்டுகள். அவற்றின் உறுதியான கூடு ஆயிரக்கணக்கான சுழற்சிகளைத் தாங்கும். எடையோ அதிகம், வெனடியம் சேர்ந்தால் விலையும் ஏறும். அதனால் இப்போது இரும்பு பாஸ்பேட் வகைகளில் கவனம் குவிகிறது.

மூன்றாவது, பிரஷ்யன் நீலம் என்ற பழைய சாயத்தின் உறவான பிரஷ்யன் வெள்ளை. அதன் படிகத்தில் சோடியம் ஓட அகலமான வழி உண்டு. மலிவான இரும்பும் மாங்கனீசும் போதும். உள்ளே சிக்கிக்கொள்ளும் தண்ணீர்தான் எதிரி. படிகத்தை மெதுவாக வளர்த்தால் குறைபாடுகள் குறையும். பிறகு நன்றாக உலர்த்த வேண்டும். சீனாவின் சிஏடிஎல் 2021-ல் அறிமுகம் செய்த, கிலோவுக்கு 160 வாட்-மணி தரும் சோடியம் செல்லில் இருந்தது இந்தப் பொருளே.

மூன்றில் எதுவும் எல்லா வகையிலும் முதலிடம் பெறவில்லை. எடை முக்கியமான வண்டிகளுக்கு அடுக்கு ஆக்சைடு ஏற்றது. சூரிய மின்சாரத்தைச் சேமித்துப் பல்லாண்டு இயங்க வேண்டிய நிலையங்களுக்குப் பாஸ்பேட் பொருந்தும். இனி யாராவது சோடியம் பேட்டரியைப் புகழ்ந்தால், அதன் கேத்தோடு எது என்று முதலில் கேளுங்கள்.